வடசென்னையிலிருந்து காமிக்ஸ் ஓவியர் ஆக: முதல் எட்டுப் பக்கம் வரை

காமிக்ஸ் வரையச் சொல்லித்தரும் இடம் என்று போர்டு மாட்டிய கடை எதையும் வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ நான் பார்த்ததில்லை. ஓவிய வகுப்புக்குப் போனால் மயிலும் பிள்ளையாரும் வரையச் சொல்கிறார்கள். அனிமேஷன் மையத்துக்குப் போனால் சாஃப்ட்வேர் சொல்லித்தருகிறார்கள், கதையைப் பற்றிப் பேச்சே இல்லை. தேவையான எல்லாமே ஊருக்குள் இருக்கிறது, ஆனால் ஒரே கூரையின் கீழ் இல்லை. காகிதம் பாரிமுனையில், கட்டுமரமும் மனிதர்களும் காசிமேட்டில், எழுத்துக்கலை ஆட்டோவுக்கு போர்டு எழுதுகிறவரிடம். எதை எந்த வரிசையில் பிடிப்பது என்று தெரியாமல் நான் அலைந்தது போதும். நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. எட்டுப் பக்கப் புத்தகம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

"முதலில் நன்றாக வரையக் கற்றுக்கொள்கிறேன், அப்புறம் கதை" என்று தொடங்கியவர்களில் பலர் ஐந்து வருடம் கழித்தும் முகம்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் முக்கால்வாசிப் பக்கம் திரும்பிய ஒரே முகம். கதையை முடித்துப் பழகுவதுதான் காமிக்ஸில் கற்க வேண்டிய முதல் வித்தை. அதற்கு இலக்கு சின்னதாக இருக்க வேண்டும்.

இரண்டு ஏ4 தாளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். ஏ5 அளவில் எட்டுப் பக்கம் வரும். முதல் பக்கம் அட்டை, எட்டாவது பின்னட்டை. கதைக்குக் கிடைப்பது ஆறு பக்கம். கையில் உள்ள 300 பக்கக் காவியத்தை அப்படியே பரணில் போட்டுவிடுங்கள். ஆறு பக்கத்துக்கு ஒரு சம்பவம் போதும்: கேரம் போட்டியில் கடைசிக் காயைத் தவறவிடுபவன், மெட்ரோவில் மீன்கூடையோடு ஏற முயலும் ஆயா, அந்த மாதிரி.

வேலை, படிப்புக்கு நடுவே செய்தால் முதல் புத்தகத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். புதியவருக்கு ஒரு பக்கம் பென்சிலிலிருந்து மை வரை இரண்டு மூன்று நாள் மாலைப்பொழுதைத் தின்னும். அது இயல்பு.

2. வாங்க வேண்டியவை, இப்போதைக்கு வேண்டாதவை

ஆயிரம் ரூபாய்க்குள் தொடங்கலாம். எச்பி, 2பி பென்சில்கள், நல்ல அழிரப்பர், 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், செட்ஸ்கொயர், ஒரு பாட்டில் வாட்டர்ப்ரூஃப் கறுப்பு மை, தொட்டு எழுதும் நிப்பும் ஹோல்டரும், 2ஆம் எண் ரவுண்ட் பிரஷ், திருத்துவதற்கு வெள்ளை போஸ்டர் கலர். மை வாங்கும்போது லேபிளில் வாட்டர்ப்ரூஃப் என்று இருக்கிறதா பாருங்கள். ஃபவுண்டன் பேனா மை வியர்வை பட்டாலே கரையும், நம் ஊரில் வியர்வைக்குப் பஞ்சமில்லை. நிப் பிடிக்கவில்லை என்றால் 0.3, 0.5, 0.8 என மூன்று பிக்மென்ட் மைப் பேனா போதும். ஆனால் அவை தீர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் நூறு ரூபாய்க்கு மேல். நிப்பும் மை பாட்டிலும் நீண்ட நாளைக்கு மலிவு.

காகிதத்துக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு. பயிற்சிக்கு சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒரு கட்டு, இறுதிப் பக்கங்களுக்கு 140 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேலான கார்ட்ரிட்ஜ் தாளோ வழவழப்பான ஐவரி தாளோ வாங்குங்கள். வாங்குமுன் தாளின் ஓரத்தில் ஒரு கோடு மையில் இழுத்துப் பார்க்கக் கேளுங்கள். மை இழைவிட்டுப் பரவினால் அந்தத் தாள் வேண்டாம். மொத்தக் கடைகளில் ஒன்றிரண்டு தாள் தரமாட்டார்கள், பெரிய ஷீட்டாகவோ பாக்கெட்டாகவோதான் தருவார்கள். நண்பர்கள் சேர்ந்து வாங்கி, அங்கேயே கட்டிங் போட்டு ஏ4 ஆக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பெரும்பாலும் பூட்டுதான், போய் ஏமாறாதீர்கள்.

டேப்லெட் இப்போது வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால், திரை இல்லாத சின்ன பென் டேப்லெட் 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும், வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் கிரிதா என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதுவே ஏகத்துக்குப் போதும். தவணையில் அறுபதாயிரத்துக்கு எதையாவது வாங்கிவிட்டு, தவணை கட்டுவதற்காகவே வேலைக்கு ஓடி, வரைய நேரமில்லாமல் போனவர்களைத் தெரியும்.

கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: ஈரக்காற்றில் தாள் நெளியும், மை காய நேரமாகும். வரையாத தாளை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். முடித்த பக்கங்களை அக்டோபருக்கு முன்பே பரணுக்கோ பீரோவின் மேல் தட்டுக்கோ ஏற்றிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் வைத்தால் மழைத்தண்ணீர் முதலில் படிக்கும்.

வீட்டில் இடமே இல்லையா? கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வர் படைப்பகம் இருக்கிறது. குறைந்த கட்டணம், மேசை, வெளிச்சம், இணையம். மை பாட்டிலைத் திறந்து வைத்து வேலை செய்ய அது இடமில்லை, ஆனால் கதை எழுதவும் பென்சில் வேலைக்கும் நல்லது.

3. உருவமும் தூரமும்: தெருவில் பழகுங்கள்

மாங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் பாணியைப் பார்த்து நகலெடுப்பது தவறில்லை. அதிலிருந்து மட்டும் கற்றால் உங்கள் பாத்திரங்கள் நிற்கும், ஓடும், அழும். ஆனால் குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாது. சைக்கிளில் கேஸ் சிலிண்டர் கட்டத் தெரியாது. அவையெல்லாம் கண்ணால் பார்த்து வரைந்தால்தான் வரும்.

மனித உடலுக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலையில் போனால் கூடை தூக்குவது, வலை இழுப்பது, பேரம் பேசுவது என்று உடம்பு எத்தனை விதமாக வளையும் என்பதைப் பார்க்கலாம். ஒரு ஆளுக்கு முப்பது விநாடி, அதற்குள் தலை, முதுகெலும்பு, இடுப்பு, கால் வைத்த இடம், இவ்வளவுதான் கோட்டில். முகம் வேண்டாம். ஞாயிறு கூட்டத்தில் நோட்டைத் திறக்கவே இடம் இருக்காது, வாரநாளில் போங்கள். படகு வரைய வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் வாகானது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆளும் ஓய்வாக இருப்பார், எந்தக் கயிறு எதற்கு என்று கேட்டால் சொல்வார். யாரையாவது தனியாக உட்கார்ந்து வரைந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். "அண்ணே, படம் வரையிறேன், பரவாயில்லையா?" என்றால் பெரும்பாலும் தேநீரோடு பதில் வரும்.

தூரக்காட்சிக்கு ஜார்ஜ் டவுன். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று ஒன்றுக்கொன்று இணையாக, நேராக ஓடும் தெருக்கள். நடுவில் நின்று பார்த்தால் இரண்டு பக்க மாடிகளின் கோடுகளும் உங்கள் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளியைத் தாளில் வைத்துவிட்டு மற்றதை ஸ்கேலால் இழுங்கள். தெருமுனையில் நின்று இரண்டு தெருவையும் ஒருசேரப் பார்த்தால் இரண்டு புள்ளி. இந்த இரண்டு பயிற்சியையும் ஒரு மாதம் செய்தால் கட்டத்துக்குள் கட்டடம் சாயாமல் நிற்கும்.

சென்னைத் துறைமுகத்தின் வாயில்கள், ரயில்வே பணிமனைகள், எண்ணூர்ப் பக்கத்து ஆலைகள் முன்னால் உட்கார்ந்து வரைவதையோ போட்டோ எடுப்பதையோ தவிர்த்துவிடுங்கள். காவலுக்கு இருப்பவரிடம் "காமிக்ஸ்" என்று விளக்கி முடிப்பதற்குள் அன்றைய வெளிச்சம் போய்விடும். எங்கே போனாலும் ஆதாரோ கல்லூரி அட்டையோ பையில் இருக்கட்டும்.

4. கதையைக் கட்டங்களாக உடைப்பது

வெற்றிலை அளவுக் கட்டத்தில் முழுப் பக்கத்தையும் கிறுக்குங்கள், மனிதர்கள் குச்சி குச்சியாக இருந்தால் போதும். ஆறு பக்கத்தையும் இப்படி முடித்து, யாரிடமாவது காட்டி, வாய் திறக்காமல் இருங்கள். அவருக்குப் புரியாத இடம் எதுவோ அதை மறுபடி உடையுங்கள். இந்த நிலையில் அடித்துத் திருத்த ஐந்து நிமிடம், மை போட்ட பிறகு திருத்த ஐந்து நாள்.

ஏ5 பக்கத்துக்கு நான்கு முதல் ஆறு கட்டம். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவு. முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கட்டும், இல்லையென்றால் பலூன்களின், அதாவது வசனக் குமிழ்களின், வால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். ஒரு காட்சியில் இடப்பக்கம் நின்றவர் காட்சி முடியும்வரை இடப்பக்கமே இருக்கட்டும்.

புத்தகத்தைத் திறந்தால் 2, 3 எதிரெதிரே வரும். அடுத்து 4, 5. அப்புறம் 6, 7. ஆக வாசகர் தாளைப் புரட்டுவது 3லும் 5லும். புரட்டியதும் தெரிய வேண்டிய அதிர்ச்சியை 4இன் முதல் கட்டத்திலோ 6இன் முதல் கட்டத்திலோ வையுங்கள். 5இல் வைத்தால் 4ஐத் திறந்தவுடனேயே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வடசென்னை என்றாலே கத்தி, தழும்பு, சுவரோரம் நிற்கும் நாலு பேர் என்று சினிமா வரைந்து வைத்திருக்கிறது. இங்கே குடியிருக்கும் நீங்களும் அதையே வரைந்தால் எப்படி?

5. பென்சில், மை

அச்சாவது ஏ5 என்றால் வரைவது ஏ4. அச்சில் 71 சதவீதமாகச் சுருங்கும், கோட்டின் நடுக்கமும் சேர்ந்து சுருங்கும். நான்கு புறமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் விடுங்கள், ஜெராக்ஸ் மெஷின் தாளின் விளிம்பு வரை அச்சடிக்காது. வரையும்போது கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள். இல்லாவிட்டால் முழங்கை வியர்வை பக்கத்தைத் துடைத்துவிடும். வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக மை போட வேண்டும். அருகில் உள்ள உருவத்துக்குத் தடித்த கோடு, தொலைவுக்கு மெல்லிய கோடு. முழுக்கறுப்பை பிரஷ்ஷால் கடைசியில் நிரப்புங்கள். ஃபேன் ஓடும்போது தாளின் மூலைகளில் கனம் வையுங்கள். இதற்கு மேல் மையைப் பற்றி எழுதிக் கற்பிக்க முடியாது, ஒரு பாட்டில் தீர வேண்டும்.

6. தமிழ் எழுத்தும் பலூனும்

வெளிநாட்டுப் பாடங்கள் எதுவும் உதவாத இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலப் பாடத்தைப் பார்த்து பலூனுக்கு விட்ட இடத்தில் "போய்க்கொண்டிருக்கிறேன்" உட்காராது. அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் பென்சிலில் வசனம், அதைச் சுற்றி பலூன், மிச்சம் இருக்கும் இடத்தில் ஆள். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல், ஒரு கட்டத்துக்கு இரண்டு பலூன். இதைத் தாண்டினால் வசனத்தை வெட்டுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். பேச்சுவழக்கில் எழுதினாலே பாதி நீளம் குறையும்: "போயிட்டிருக்கேன்".

நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் வளைவும், கீழே சுழியும் வாலும் உண்டு. வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாக இல்லாவிட்டால் மேல்வரியின் "ழு"வும் கீழ்வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும். சொல்லை உடைக்க நேர்ந்தால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. எழுத்தின் அளவு அச்சில் 9 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள், ஏ4 தாளில் அது சுமார் 13 பாயின்ட்.

கையால் எழுதப் போகிறீர்களா? அப்படியானால் உங்கள் தெருவில் ஆட்டோவுக்கும் கடைக்கும் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் யாரென்று விசாரியுங்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் இன்னும் இருக்கிறார்கள். மூன்று ஞாயிறு கூட நின்று பெயின்ட் கலக்கிக் கொடுத்தால், "ண"வின் சுழிகளைச் சம அளவில் போடுவதும் எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கண்ணால் அளப்பதும் கைக்கு வந்துவிடும். "டமால்", "சர்ர்ர்", "தொபுக்கடீர்" போன்ற ஓசைகளுக்கு எந்த ஃபான்ட்டும் அந்த பிரஷ் எழுத்துக்கு ஈடாகாது.

கம்ப்யூட்டரில் எழுதுவதென்றால் யூனிகோட் (போனிலும் இணையத்திலும் தமிழுக்கு இருக்கும் பொதுக் குறியீடு) ஃபான்ட் மட்டும். கூகுள் ஃபான்ட்ஸில் பாலூ தம்பி, கவிவாணர், முக்தா மலர் போன்றவை இலவசம், புத்தகத்தில் போட்டு விற்கவும் உரிமம் தடுக்காது. டிடிபி சென்டர்களில் பாமினி போன்ற பழைய குறியீட்டு ஃபான்ட் இருக்கும், நீங்கள் போனில் தட்டிய வசனத்தை அதில் ஒட்டினால் குப்பையாகத் தெரியும். ஃபோட்டோஷாப்பில் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றால் பதற வேண்டாம். டைப் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை அழுத்தி, மென்பொருளை மூடித் திறங்கள். இல்லையென்றால் படத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கொண்டுவந்து அதில் எழுத்தைப் போடுங்கள், தமிழ் அதில் ஒழுங்காக நிற்கும். அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட்டால் எந்தக் கடையிலும் உடையாது.

வசனத்தில் நம்ம ஊர் பாஷையை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடி எழுதினால் தூத்துக்குடி வாசகர் திணறுவார். வரிக்கு ஒரு "இன்னாபா" போதும்.

7. ஸ்கேன், அச்சு, ஸ்டேப்ளர் பின்

போனில் போட்டோ எடுத்து ஏமாறாதீர்கள், ஓரங்கள் வளையும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் கேட்டால் வழக்கமாக 200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) பிடிஎஃப் போட்டுக் கொடுப்பார்கள். "600 டிபிஐ, கிரேஸ்கேல், பிஎன்ஜி அல்லது டிஃப்" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸாப்பில் படமாக வாங்கினால் தரம் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவ். அந்த பென்டிரைவை வீட்டில் வைரஸ் பார்க்காமல் திறக்காதீர்கள்.

பக்க அடுக்கு இப்படி: முதல் தாளின் வெளிப்புறம் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1, உட்புறம் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3. பின்னால் 4, 5. கடைக்காரரிடம் இரண்டு பக்கமும், குறுகிய விளிம்பில் திருப்பி என்று சொல்லுங்கள். மறந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஒரு புத்தகத்துக்கு நான்கு பக்க ஜெராக்ஸ், கறுப்பு வெள்ளையில் பத்து ரூபாய்க்குள் அடங்கும். முதலில் ஒன்று மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. அதை முழுக்க விரித்து, தாளுக்கு அடியில் தெர்மாகோல் வைத்துக் குத்தி, பின்னைக் கையால் மடக்கினால் வேலை முடிந்தது. ஊசியும் நூலும் இன்னும் அழகு.

8. கல்லூரியா, வகுப்பா?

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது அரசு கவின் கலைக் கல்லூரி. ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிறது. விம்கோ நகர் தடத்து மெட்ரோவில் சென்ட்ரல் இறங்கினால் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். நான்கு ஆண்டுப் பட்டம், அரசுக் கட்டணம். காமிக்ஸுக்கென்று தனித் துறை கிடையாது. ஓவியம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் இரண்டும் நமக்குப் பக்கத்தில் வரும். நுழைவுத் தேர்வில் வரைந்து காட்ட வேண்டும், மூன்றாவது படியில் சொன்ன நோட்டுகள் அங்கே பயன்படும். அனிமேஷன் பக்கம் சாய்வு இருந்தால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு உண்டு. கடற்கரை நிலையத்தில் ஏறினால் பறக்கும் ரயில் தரமணிக்கே கொண்டுபோய் விடும்.

எதற்குமே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் தயாராக இருக்கட்டும். சாதிச் சான்றிதழில் பெயர், தலைப்பெழுத்து மதிப்பெண் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கைக்கு வர வாரங்கள் ஆகலாம், விண்ணப்பக் காலமோ பிளஸ் டூ முடிவை ஒட்டியே வந்து போய்விடும்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்று உண்டு. பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் போக நினைப்பவருக்கு அது உதவும். காமிக்ஸ் வேலை தருகிறவர் அதைக் கேட்க மாட்டார், உங்கள் பக்கங்களைத்தான் கேட்பார்.

தனியார் மையங்களில் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொல்லித்தருகிறார், அவர் வரைந்து வெளியானது எங்கே? நடுவில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும், அது ரசீதில் எழுதியிருக்கிறதா? சென்ற ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசலாமா? நான் விசாரித்த ஒரு மையத்தில் முதல் கேள்விக்கே "நாளைக்குள் சேர்ந்தால் தள்ளுபடி" என்று பதில் வந்தது. கிளம்பிவிட்டேன்.

படிக்க புத்தகம் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். பழைய காமிக்ஸ் இதழ்களுக்கு சென்ட்ரல் பின்னால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள். சேகரிப்பாளர் விலை சொல்வார்கள், கிழிந்த பிரதியாகக் கேளுங்கள். நமக்குக் கோடுதானே வேண்டும்.

9. காசு வரும்போது தேவைப்படும் காகிதங்கள்

பான் கார்டு முதலில். ஆதாரில் போன் எண் இணைந்திருந்தால் வருமான வரித் தளத்தில் இ-பான் இலவசமாகவே கிடைக்கும், இடையில் யாருக்கும் இருநூறு முந்நூறு தர வேண்டியதில்லை. ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தொழில்முறைக் கட்டணமாக 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும், பான் தராவிட்டால் 20 சதவீதம். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

பதிப்புரிமை வரைந்த கணத்திலிருந்தே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்ய விரும்பினால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஓவியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்கென 30 நாள் காத்திருப்பு உண்டு, சான்றிதழ் வர அதற்கு மேல் மாதங்கள் பிடிக்கும். இதைவிட முக்கியம் நீங்கள் கையெழுத்துப் போடும் தாள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். "எல்லா உரிமையும், என்றென்றைக்கும், உலகம் முழுதும்" என்ற வரி இருந்தால் அதற்கான விலையைக் கேளுங்கள். மாதச் சம்பளத்தில் வேலை பார்த்து வரைந்தவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம்.

ஃப்ரீலான்ஸ் என்றால் இவற்றை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: எத்தனை பக்கம், கறுப்பு வெள்ளையா வண்ணமா, எழுத்தும் நீங்களா, எத்தனை முறை திருத்தம், பாதிப் பணம் முன்பணமாக எப்போது. திருத்த எண்ணிக்கை எழுதாத வேலை முடிவதே இல்லை. "பேர் கிடைக்கும், பணம் அடுத்த முறை" என்பவரிடம் அந்த அடுத்த முறையிலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

10. எங்கே காட்டுவது

ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்குகளில் நின்று ஆசிரியர்களிடம் பேசலாம். கூட்டம் குறைந்த வாரநாள் மதியம் போங்கள், உங்கள் எட்டுப் பக்கத்தைக் கையில் கொடுங்கள், போனைத் திறந்து காட்டாதீர்கள். காமிக் கான் 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. அங்கே ஓவியர்களுக்கென்று தனி மேசை வரிசை உண்டு. மேசைக்குப் பணம் கட்டுமுன் கணக்குப் போடுங்கள்: இருபது ரூபாய்ப் புத்தகம் எத்தனை விற்றால் வாடகை, அச்சு, இரண்டு நாள் சாப்பாடு தேறும்? முதல் ஆண்டு பார்வையாளராகப் போய், மேசைக்காரர்களோடு உங்கள் புத்தகத்தை மாற்றிக்கொண்டு வருவதே லாபம்.

இருபது பிரதி போடுங்கள். பத்தை இப்படி வெளியே கொடுங்கள், பத்தைத் தெருவில் காமிக்ஸே படிக்காதவர்களுக்குக் கொடுங்கள். டீக்கடை அண்ணன் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டால் அடுத்த புத்தகத்துக்கான வேலை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.